ஏழு நோட்டுகளும் ஒரு பழைய கையேடும்: ட்ரூபல் கற்ற அனுபவம்

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டையில் நாங்கள் கதவைத் திறந்து வெளியே வந்தபோது தெரு வேறு ஊர்த் தெருவாக இருந்தது. தென்னந்தோப்புகள் சாய்ந்துகிடந்ததை எல்லாரும் படங்களில் பார்த்திருப்பீர்கள். என் மனதில் தங்கிவிட்டது வேறொன்று. விழுந்த மரங்களை அறுத்து அகற்றி இரண்டு வாரம் ஆன பிறகு, வெறிச்சோடிக் கிடந்த ஒரு திடலின் ஓரத்தில் நானும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் நின்று வாதாடினோம். அங்கே நின்றது இலுப்பையா, மருதா? முப்பது வருடம் அந்த நிழலில் நடந்தவர்கள் நாங்கள். நான் தாவரவியல் கற்பித்தவள். இருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எங்கள் மரக் கணக்கெடுப்பு அந்த வாதத்தில் பிறந்தது. ஞாயிறு காலையில் சிலர் சேர்ந்து நடப்போம். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அடிமரத்தின் சுற்றளவை எடுப்போம். மரத்தின் பெயர், தெரு, பூத்திருக்கிறதா, காய்த்திருக்கிறதா என்று நோட்டில் எழுதுவோம். ஆறு வருடத்தில் ஏழு நோட்டுகள் சேர்ந்தன. ஏழும் ஏழு வீட்டில் இருந்தன. ஒரே மரம் மூன்று நோட்டில் மூன்று பெயரோடு இருந்தது. நோட்டு வைத்திருந்த ஒருவர் மகன் வீட்டோடு கோயம்புத்தூர் போனபோது ஒரு வருடக் கணக்கும் கூடவே போய்விட்டது. தபாலில்தான் வரவழைத்தோம்.

எல்லாவற்றையும் கணினியில் ஒரு பட்டியலாகத் தட்டச்சு செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது ஒருவர் கணினியில் இருக்கும், ஒருவர் மட்டும் திருத்துவார். எட்டாவது நோட்டு என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. எங்களுக்கு வேண்டியது வேறு. எங்கள் குழுவின் முப்பது பேரும் அவரவர் பெயரில் உள்ளே வர வேண்டும், அவரவர் மரத்தைச் சேர்க்க வேண்டும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துத் திருத்த வேண்டும், யார் எப்போது எதை மாற்றினார் என்பது நிற்க வேண்டும். தஞ்சாவூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் 60 ரூபாய்க்குக் கிடைத்த ஆங்கிலக் கையேடு இதைத்தான் செய்து தருவதாகச் சொன்னது. தொடக்க நிலையாளர்களுக்கான புத்தகம். பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையதளங்களை அமைக்க உதவும் ட்ரூபல் என்ற மென்பொருளின் 7ஆம் பதிப்பைப் பற்றியது. பிறகு ட்ரூபல் 8க்கான இன்னொரு கையேட்டை நண்பரிடம் இரவல் வாங்கினேன். 2025 பிப்ரவரியில் தொடங்கினேன்.

ட்ரூபல் பிறந்த கதை எனக்குப் பிடித்துப்போனது. ட்ரீஸ் பாய்டார்ட் என்ற பெல்ஜிய மாணவர், ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக விடுதியில் நண்பர்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள எழுதிய சிறு நிரல் அது. படிப்பு முடிந்து பிரிந்த பிறகும் தொடர்பு விட்டுப்போகாமல் இருக்க அதை இணையத்தில் ஏற்றினார்கள். டச்சு மொழியில் கிராமத்துக்கு 'டோர்ப்' என்று பெயர். அந்தப் பெயரைப் பதிவு செய்யப்போய் எழுத்து இடம் மாறி 'ட்ராப்' என்று ஆகிவிட்டது, அதையே வைத்துக்கொண்டார். 2001 ஜனவரியில் நிரலைப் பொதுவில் வெளியிட்டபோது, துளி என்ற பொருளுடைய 'ட்ருப்பெல்' என்ற டச்சுச் சொல்லிலிருந்து இன்றைய பெயர் வந்தது. கிராமம் என்று பெயர் வைக்கப் போனவருடைய நிரலில் எங்கள் ஊர் மரங்களை ஏற்றப்போகிறேன் என்ற எண்ணம் முதல் நாளே உற்சாகம் தந்தது.

கையேட்டில் இருந்த அதே பதிப்பை நிறுவியிருந்தால் பெரிய தவறாகியிருக்கும். ட்ரூபல் 7 வெளியானது 2011 ஜனவரி 5. சரியாகப் பதினான்கு வருடம் கழித்து, 2025 ஜனவரி 5 அன்று, அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. நான் புத்தகத்தைத் திறப்பதற்கு ஒரு மாதம் முன்னால். தொடக்கக் கையேடுகள் காட்டும் ஆரம்பப் பதிப்புகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2014 அக்டோபர் 15 அன்று, ட்ரூபல் 7இல் 7.32க்கு முந்தைய பதிப்புகள் எல்லாவற்றிலும் ஒரு பெரிய ஓட்டை இருப்பது அறிவிக்கப்பட்டது. கணக்கோ கடவுச்சொல்லோ இல்லாமல் வெளியிலிருந்தே தரவுத்தளத்துக்குள் கட்டளை செலுத்த முடிந்தது. அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத தளம் ஊடுருவப்பட்டுவிட்டதாகவே கருதிக்கொள்ளுங்கள் என்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழுவே பின்னர் சொன்னது. பழைய கையேட்டை வைத்துப் படிப்பவர்கள் பழைய பதிப்பை இணையத்தில் வைக்கவே கூடாது.

அப்படியானால் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதானா? எனக்கு மனம் வரவில்லை. எதையும் ஊகிக்காமல், கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரைப் போல் எழுதப்பட்ட புத்தகம் அது. ஆகவே ஒரு வழி செய்துகொண்டேன். சிவப்புப் பென்சில் ஒன்று, நீலப் பென்சில் ஒன்று. கையேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் புதிய பதிப்பில் செய்து பார்ப்பது. இன்றும் நிற்கிறது என்றால் ஓரத்தில் சிவப்புக் கோடு. காலாவதியாகிவிட்டது என்றால் நீலக் கோடு போட்டு, பக்கத்தில் இன்றைய வழியை எழுதுவது.

நிறுவும் அத்தியாயம் முழுக்க நீலம். என் மடிக்கணினியில் இருந்தது எக்ஸாம்ப், இணையதளத்தை வீட்டுக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டிய மென்பொருள்களின் தொகுப்பு. அதில் வந்த மரியாடிபி என்ற தரவுத்தள மென்பொருள் 10.4ஆம் பதிப்பு. ட்ரூபல் 11 நிறுவ 10.6 வேண்டும், ட்ரூபல் எழுதப்பட்ட பிஎச்பி என்ற நிரல் மொழியும் 8.3 வேண்டும். ட்ரூபல் 10க்கு என்னிடம் இருந்ததே போதும் என்பதால் 10ஐ எடுத்தேன். புத்தகம் ஒரு சுருக்கக் கோப்பை இறக்கி விரிக்கச் சொல்கிறது. இன்று கம்போசர் என்ற கருவி தேவையானவற்றைத் தானே தேடி எடுத்து அடுக்கிவிடுகிறது. முதல் முறை, படங்களைக் கையாளும் ஜிடி என்ற நீட்சி இல்லை என்று சொல்லி நிறுவல் நின்றுவிட்டது. பிஎச்பியின் அமைப்புக் கோப்பில் அந்த வரி இருக்கிறது. முன்னால் ஓர் அரைப்புள்ளி இருந்து அதை முடக்கியிருக்கிறது. அரைப்புள்ளியை எடுத்துவிட்டு பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் அப்பாச்சி என்ற சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினேன், சரியானது. மறுபடி ஓட்டாமல் ஒரு மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

ஒரே ஓர் இடம் மட்டும் எச்சரிக்கையோடு சொல்லத் தக்கது. மாட்யூல் எனப்படும், வசதிகளைச் சேர்க்கும் துணை நிரல்கள் இருக்கும் மாட்யூல்ஸ் என்ற பெயருள்ள கோப்புறையைத் தொடாதீர்கள், அது ட்ரூபலின் சொந்த இடம் என்று பழைய கையேடு அழுத்திச் சொல்கிறது. அன்று அது சரி. 8ஆம் பதிப்பிலிருந்து ட்ரூபலின் சொந்தச் சரக்கெல்லாம் கோர் என்ற தனிக் கோப்புறைக்குப் போய்விட்டது. மேலே இருக்கும் மாட்யூல்ஸ் இப்போது நமக்கானது. நேர்மாறாகிவிட்ட அறிவுரை. இப்படி ஒன்று இருக்கும் என்று தெரியாதவர்கள்தான் பழைய புத்தகத்தால் குழம்புகிறார்கள்.

அடுத்த அத்தியாயத்தில் சிவப்புப் பென்சில் வேலை செய்யத் தொடங்கியது. ட்ரூபலில் நாம் எழுதும் ஒவ்வொரு உள்ளடக்கத்துக்கும் நோடு என்று பெயர். கணினிக்காரர்களுக்கு அது என்னவாக இருந்தாலும், எனக்கு நோடு என்றால் கணு. இருபத்தெட்டு வருடம் கரும்பையும் மூங்கிலையும் கையில் வைத்து வகுப்பில் காட்டிய கணு. இலையும் மொட்டும் கிளம்புவது கணுவிலிருந்துதான். ட்ரூபலிலும் அப்படியே. கணு ஒன்றை வைத்துவிட்டால் அதிலிருந்து புலங்கள் கிளம்புகின்றன: சுற்றளவு, தெரு, படம், பூக்கும் மாதம். 'மரம்' என்று ஓர் உள்ளடக்க வகையை உருவாக்கி இந்தப் புலங்களை ஒவ்வொன்றாக ஒட்டினேன். 2011இல் எழுதிய பக்கங்கள் வரிக்கு வரி பொருந்தின. பொத்தான்கள் இடம் மாறியிருந்தன, கருத்து அசையவில்லை.

டாக்ஸானமி அத்தியாயமோ என் வீட்டு வாசல். வகைப்பாட்டியலை என்னிடமிருந்தே எடுத்து எனக்கே கற்பிக்கிறார்கள் என்று பட்டது. 'மரப்பெயர்' என்று ஒரு சொற்றொகுதி வைத்தேன். மரத்தைப் பதியும்போது பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் பட்டியல் கீழே விரியும், தேர்ந்தெடுக்கலாம். பட்டியலில் இல்லாத பெயரைத் தட்டினால் தானே புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. அதையும் திறந்துவிட்டேன்.

மூன்றே வாரத்தில் பட்டியலில் வேம்பு, வேப்பமரம், இடைவெளி விட்ட வேப்ப மரம், வேப்பம் என்று நான்கு வந்தன. புங்கு, புங்கை, புங்கம் என்று மூன்று. இதையாவது புரிந்துகொள்ள முடிந்தது. புரியாதது கொன்றை. பட்டியலில் கொன்றை இரண்டு முறை இருந்தது. எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பதினொரு மரம், மற்றதைத் தேர்ந்தெடுத்தால் ஆறு மரம். நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன், பெரிதாக்கிப் பார்த்தேன், இடைவெளி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை.

விடை கிடைக்க இரண்டு நாள் ஆனது. 'கொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். க என்ற எழுத்தோடு ஒகரக் குறி என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒரு வழி. ஒற்றைக் கொம்பு ஒரு குறி, கால் இன்னொரு குறி என்று இரண்டாகச் சேர்ப்பது மற்றொரு வழி. திரையில் இரண்டும் ஒரே கொ. எழுத்துகளுக்கு எண் தரும் பொது முறையான யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம்தான். ஆனால் தரவுத்தளம் அந்தச் சமத்தைப் பார்ப்பதில்லை, குறிகளை எண்ணிப் பார்க்கிறது, வேறு என்று சொல்லிவிடுகிறது. எங்கள் குழுவில் ஒருவர் பழைய எழுத்துருவில் வைத்திருந்த பட்டியலை மாற்றி ஒட்டியிருந்தார். அந்த மாற்றி, கொம்பையும் காலையும் தனித்தனியாகவே வைத்துவிட்டிருக்கிறது. கொய்யா, நொச்சி, தோதகத்தி என்று ஒகரமும் ஓகாரமும் வந்த இடமெல்லாம் இந்தச் சிக்கல். ஒட்டிய பெயர்களை எல்லாம் விசைப்பலகையில் மறுபடி தட்டினேன். ஒவ்வொரு மரத்தையும் திறந்து சரியான பெயருக்கு மாற்றினேன். பெயரைத் தானே சேர்த்துக்கொள்ளும் வசதியை மூடினேன். இரண்டு கையேட்டிலும் இது இல்லை. ஆங்கிலத்துக்கு எழுதியவர்களுக்கு இது நேர்ந்திருக்காது. தமிழில் சொற்றொகுதி வைக்கும் எல்லாரும் முதல் நாளே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

வரிசையும் அப்படித்தான். மரப்பெயர்ப் பட்டியலில் புன்னை முன்னால் வந்தது, புளி பின்னால். மனோரஞ்சிதத்துக்குப் பிறகுதான் மருது. அகராதி பார்த்து வளர்ந்த யாருக்கும் இது கண்ணை உறுத்தும். னகரம் நம் நெடுங்கணக்கில் பதினெட்டாவது மெய், கடைசி. யூனிகோடு அட்டவணையிலோ அது நகரத்துக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்திருக்கிறது. றகரம் ரகரத்துக்குப் பக்கத்தில். ட்ரூபல் தரவுத்தளத்துக்கு வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் ஒப்பீட்டு முறை அந்த அட்டவணை எண்ணைத்தான் பார்க்கிறது. நிரல் தெரிந்தவர்கள் வேறு வழி கண்டிருக்கலாம். நான் கையால் செய்தேன். டாக்ஸானமிப் பக்கத்தில் ஒவ்வொரு பெயரின் இடது புறமும் சிலுவை வடிவில் ஒரு பிடி இருக்கிறது. அதைப் பிடித்து மேலே கீழே இழுத்து வைக்கலாம். 94 பெயர்களை ஒரு மாலை முழுதும் இழுத்து அகராதி வரிசையில் நிறுத்தினேன். பிறகு பட்டியலை அந்த வரிசைப்படி காட்டச் சொன்னேன். அதே பக்கத்தில் அகர வரிசைக்கு மீட்டமைக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தி, வரும் கேள்விக்கும் ஆம் என்றால் மாலை வேலை போயே போய்விடும்.

பெயர்ப் பூசலுக்கு மென்பொருள் தந்த தீர்வு எனக்குப் பிடித்தது. புங்கு என்பதா, புங்கம் என்பதா என்று குழுவில் உண்மையாகவே மனக்கசப்பு வந்துவிட்டது. ட்ரூபலில் கணுவுக்கு மட்டும் அல்ல, சொற்றொகுதியில் உள்ள பெயருக்கும் புலம் ஒட்டலாம். 'வேறு பெயர்கள்' என்று ஒரு புலத்தை ஒட்டி, எல்லாப் பெயரையும் அதில் எழுதி, பக்கத்தில் தாவரவியல் பெயரையும் வைத்தேன். யார் பெயரும் அழியவில்லை.

இனி உரிமைகள். இந்த மென்பொருளில் சமூகம் என்று ஒன்று உருவாகிறது என்றால் அது இங்கேதான் உருவாகிறது. என் கையேடு இதற்கு நான்கே பக்கம் ஒதுக்கியிருந்தது. தோற்றத்தை மாற்றுவதற்கு நாற்பது பக்கம். என் அனுபவத்தில் அது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

உரிமைப் பக்கம் ஒரு பெரிய கட்டம். இடது புறம் செயல்கள்: புதிதாகச் சேர்த்தல், தன்னுடையதைத் திருத்துதல், எவருடையதையும் திருத்துதல், அழித்தல், பழைய நிலைக்குத் திருப்புதல். மேலே பாத்திரங்கள்: பெயரில்லாமல் பார்ப்பவர், உள்நுழைந்தவர், நிர்வாகி. கட்டத்தில் டிக் போட வேண்டும். உள்நுழைந்தவருக்குக் கொடுத்த உரிமை அவருக்கு மேல் நாம் உருவாக்கும் எல்லாப் பாத்திரங்களுக்கும் தானாகப் போய்விடும். பார்க்க எளிது. ஆனால் ஒவ்வொரு டிக்கும் ஒரு மனிதரை நம்புகிறோமா என்ற கேள்வி.

நான் செய்த முதல் தவறு, எல்லாவற்றையும் என் கணக்கில் சோதித்தது. நிறுவும்போது உருவாகும் முதல் கணக்குக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. கட்டத்தில் என்ன இருந்தாலும் அது எல்லாக் கதவையும் திறந்துகொண்டு போகும். எனக்குச் சரியாக இருந்ததால் எல்லாருக்கும் சரியாக இருக்கிறது என்று நம்பினேன். உறுப்பினர் ஒருவர் போன் செய்தார்: "டீச்சர், மரம் சேர்க்கும் பொத்தானே எனக்கு வரவில்லையே." அன்றிலிருந்து ஒரு சாதாரண உறுப்பினர் கணக்கை உருவாக்கி, வேறொரு உலாவியில் அதைத் திறந்தே வைத்திருக்கிறேன். எதை மாற்றினாலும் அந்தக் கண்ணால் ஒரு முறை பார்ப்பேன்.

இரண்டாவது, புதுக் கணக்குகள். யார் வேண்டுமானாலும் நிர்வாகி அனுமதி இல்லாமல் கணக்குத் தொடங்கலாம் என்று கையேட்டின் பயிற்சியில் திறந்துவிடுகிறார்கள்; பயிற்சிக்கு அது வசதி. வாடகைச் சர்வரில் ஏற்றிய பிறகும் அப்படியே விட்டுவிட்டேன். ஒரு வாரக் கடைசியில் இருநூறுக்கும் மேல் கணக்குகள், எதுவும் மனிதர் பெயராக இல்லை. மருந்து விற்பனை, கடன் என்று குப்பை. ட்ரூபல் வழக்கமாகத் தரும் அமைப்பே அனுமதி பெற்ற பிறகு நுழைவதுதான்; அதற்கே திரும்பினேன். ஹனிபாட் என்ற மாட்யூலையும் சேர்த்தேன். படிவத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை அது வைக்கிறது. தானியங்கி நிரல் எல்லாக் கட்டத்தையும் நிரப்பும் வழக்கப்படி அதையும் நிரப்பும், மாட்டிக்கொள்ளும். பூச்சியைப் பிடிக்கும் குடுவைச் செடியை வகுப்பில் விளக்கிய எனக்கு அதன் வேலை உடனே புரிந்தது.

மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. எல்லாரும் நம்மவர்கள்தானே என்று, எவருடைய பதிவையும் திருத்தும் உரிமையை எல்லாருக்கும் கொடுத்திருந்தேன். ஒரு நாள் பழைய பேருந்து நிலையத்துப் பக்கத்து வாகையின் சுற்றளவு 190இலிருந்து 75 ஆகியிருந்தது. அதே தெருவில் இன்னும் எட்டு மரங்கள் ஒரே இரவில் மெலிந்திருந்தன. திருத்தியவர் தையல் வேலை செய்யும் அம்மா. தன் நாடாவை எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்து, எல்லாவற்றையும் அளந்து, தவறாக இருக்கிறது என்று அக்கறையோடு திருத்தியிருக்கிறார். அவர் அளந்தது அங்குலத்தில். 190 செ.மீ. என்பது ஏறக்குறைய 75 அங்குலம். அவர் அளவு மிகச் சரி.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் முந்தைய நிலையைச் சேமித்து வைக்கும் வசதியை முன்பே இயக்கியிருந்ததால் ஒன்பதையும் பழையபடி திருப்ப முடிந்தது. ஆனால் அவரிடம் எப்படிச் சொல்வது? நேரில் போனேன். மெஷினை நிறுத்திவிட்டு, "கெடுத்துவிட்டேனா டீச்சர்?" என்றார். இல்லை அம்மா, படிவத்தில் அளவு என்னவென்று எழுதாமல் விட்டது நான் என்றேன். உண்மையும் அதுதான். எண் புலத்துக்குப் பின்னொட்டு வைக்கலாம், மிகக் குறைந்த அளவும் மிகக் கூடிய அளவும் வைக்கலாம் என்று கையேட்டில் சிவப்புக் கோடே போட்டிருந்தேன். செய்யாமல் விட்டிருந்தேன். அன்று மாலை 'செ.மீ.' என்று பெட்டியின் பக்கத்தில் வந்தது. நாடாவின் மறுபக்கத்தில் சென்டிமீட்டர் இருக்கிறது என்பதை அவரே எனக்குக் காட்டினார்.

இதற்குப் பிறகு நான் மறுகோடிக்குப் போனேன். கன்டென்ட் மாடரேஷன் என்ற மாட்யூலை இயக்கி, யார் எதைச் சேர்த்தாலும் நான் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியே தெரியும்படி வைத்தேன். பாதுகாப்பாக இருந்தது. அதே வாரத்தில் மகள் வீட்டுக்குச் சென்னை போய்ப் பத்து நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பதினேழு மரங்கள் காத்திருந்தன. சேர்த்தவர்களில் ஒரு கல்லூரி மாணவி, "நான் எழுதியது சரியில்லை போலிருக்கிறது, அதனால்தான் வரவில்லை என்று நினைத்தேன் அம்மா" என்றாள். அதன் பிறகு மூன்று வாரம் அவள் எதையும் சேர்க்கவில்லை. தையல்கார அம்மாவின் தவறான ஒன்பது எண்களைத் திருப்ப எனக்குப் பத்து நிமிடம் ஆனது. இந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்துவர ஒரு மாதம் ஆனது. இரண்டில் எது பெரிய சேதம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது எங்கள் கட்டம் இப்படி இருக்கிறது. புதியவரின் முதல் ஐந்து மரங்கள் மட்டும் ஒப்புதலுக்கு வரும். பிறகு அவருக்கு 'நடையர்' என்ற பாத்திரம். சேர்த்தவுடன் வெளியே தெரியும், தன்னுடையதைத் தானே திருத்தலாம். ஏழு பேருக்குச் 'சரிபார்ப்பவர்' பாத்திரம். எவருடையதையும் திருத்தலாம், திருப்பலாம், ஆனால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். ஒப்புதல் தரும் வேலையும் அந்த ஏழு பேருக்கும் உண்டு. நான் ஊரில் இல்லாவிட்டால் எதுவும் நிற்காது. அழிக்கும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும். விழுந்த மரத்தை அழிப்பதில்லை. 'நிற்கிறது', 'விழுந்தது' என்று ஒரு புலம் வைத்திருக்கிறோம்.

தமிழாக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொழிப் பக்கத்தில் தமிழைச் சேர்த்தவுடன், தன்னார்வலர்கள் ஏற்கெனவே மொழிபெயர்த்து வைத்திருப்பவை தானாக இறங்கிவிடுகின்றன. மீதி ஆங்கிலத்தில் நிற்கும். இடைமுக மொழிபெயர்ப்புப் பக்கத்தில் அந்த ஆங்கிலச் சொல்லைத் தேடி, நம் சொல்லை எழுதிவிடலாம். நான் முதலில் 'வெளியிடு' என்று எழுதிய பொத்தானை எங்கள் பெரியவர் அழுத்தவே மாட்டார். பத்திரிகையில் போட்டுவிடுமோ என்று பயம். 'மரத்தைச் சேர்' என்று மாற்றினேன், அவரே ஒரு வாரத்தில் இருபது சேர்த்தார். கணினித் தமிழ்ச் சொற்களுக்கு நான் மதிப்புக் கொடுப்பவள். ஆனால் பொத்தானில் எழுதும் சொல், அதை அழுத்துபவர் வாயில் வரும் சொல்லாக இருக்க வேண்டும் என்பதை அவரிடம் கற்றேன்.

தேடுபொறி பகுதியில் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. இரண்டு கையேடும் தமிழுக்கு உதவவில்லை. ட்ரூபலின் உள்தேடல் முழுச் சொல்லைத்தான் பொருத்துகிறது. 'வேப்பமரம்' என்று தேடினால் 'வேப்பமரத்தடியில்' என்று எழுதிய குறிப்பு அகப்படாது. நம் மொழியில் சொல் எங்கே சும்மா நிற்கிறது? வேற்றுமை ஏறிக்கொண்டே இருக்கும். அதை மூடிவிட்டு, பதிவுகளைப் பட்டியலாகக் காட்டும் வியூஸ் என்ற மாட்யூல் மூலம் பட்டியல் ஒன்று அமைத்து, அதன் மேல் 'இந்த எழுத்துகள் உள்ளவை' என்ற வடிகட்டியைத் திறந்துவைத்தேன். 'வேப்ப' என்று தட்டினால் போதும். வியூஸை முதலில் எங்கிருந்து இறக்குவது, துணையாக எதை இறக்குவது என்று பழைய கையேட்டில் பத்துப் பக்கம் இருக்கிறது. 8ஆம் பதிப்பிலிருந்து அது கோரிலேயே இருப்பதால் அந்தப் பத்துப் பக்கமும் நீலம். அதற்குப் பின்வரும் இருபத்தைந்து பக்கம், எதைக் காட்டுவது, எதை வடிகட்டுவது, எப்படி வரிசைப்படுத்துவது என்பதெல்லாம் அப்பட்டமான சிவப்பு.

முகவரியில் தமிழ் வைக்க ஆசைப்பட்டேன். நகலெடுத்து அனுப்பும்போது ஒரு தமிழ்க் குறி ஒன்பது எழுத்துச் சங்கேதமாக மாறி, ஒரு மரத்தின் முகவரி வாட்ஸ்அப்பில் நான்கு வரி நீண்டது. விட்டுவிட்டேன், இப்போது எண்தான். படங்களுக்கும் ஒரு சொல்: என் மடிக்கணினியில் ஏறிய படம் வாடகைச் சர்வரில் ஏறவில்லை. அங்கே 2 எம்பிக்கு மேல் வாங்காது. பிஎச்பி அமைப்பில் அந்த வரம்பு இருக்கிறது. அதை உயர்த்தச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். கேட்டால் தருகிறார்கள்.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ட்ரூபல் 10 உடன் வரும் ஒலிவேரோ என்ற தோற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டேன். பார்வையற்றோரும் பயன்படுத்தக்கூடிய இணையத்துக்காக உழைத்த ரேச்சல் ஒலிவேரோவின் நினைவாக வைத்த பெயர் அது. எழுத்தும் பின்னணியும் நன்றாகப் பிரிந்து தெரிகின்றன. எங்கள் குழுவில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு அதுவே போதும்.

வேலை முடியவில்லை. ஐந்து நோட்டுகள் ஏறிவிட்டன. ஆறாவது பாதியில் நிற்கிறது. கோயம்புத்தூரிலிருந்து தபாலில் வந்ததே, அந்த நோட்டை எழுதியவர் அங்கிருந்தே தினமும் இரவு இரண்டு பக்கம் ஏற்றுகிறார். அவரும் இப்போது சரிபார்ப்பவர். ட்ரூபல் 11க்கு மாறுவதற்கு முன்னால் எக்ஸாம்பை விட்டு வேறு ஏற்பாட்டுக்குப் போக வேண்டும், அதற்கு முன் தரவுத்தளத்தையும் படங்களையும் தனித்தனியே இரண்டு இடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். போன ஞாயிறு அந்தத் திடலுக்குப் போனோம். பெரியவர் முதல் நோட்டில் ஒரு வரி கண்டுபிடித்திருந்தார், புயலுக்குப் பின் அடிக்கட்டையைப் பார்த்து யாரோ எழுதியது: பட்டை வெளிர்ச் சாம்பல், வழவழப்பு, தகடாக உரிகிறது. மருது. 'விழுந்தது' என்ற பெட்டியில் டிக் போட்டு அவரே சேர்த்தார்.